மங்கள வார்த்தைத் திருநாளில் மறைந்த கதிரவன்

2024-ஆம் ஆண்டில் மங்கள வார்த்தைத் திருநாள் மார்ச் 25-ஆம் நாள் கொண்டாடப்படவில்லை என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அவ்வாண்டு அந்நாள் பரிசுத்த வாரத்துத் திங்கட்கிழமையாக அமைந்தது. பரிசுத்த வாரத்திலும் அதைத் தொடரும் உயிர்ப்புப் பெருவிழாவின் எண்கிழமையிலும் வேறு விழாக்களுக்கு இடமில்லை. ஆகவே திருச்சபையின் ஒழுங்குப்படி அத்திருநாள் ஏப்ரல் 8-ஆம் நாள் திங்கட்கிழமைக்குத் தள்ளி வைக்கப்பட்டது. அதே ஏப்ரல் 8-ஆம் நாளில்தான் வட அமெரிக்காவின் குறுக்கே பூரண சூரிய கிரகணம் ஒன்று கடந்து சென்றது. அதைக் காண்பதற்கென்று நாங்கள் கணவனும் மனைவியுமாகக் கடல் கடந்து சென்றோம்.

கிரகணம் பார்க்கவா இவ்வளவு தொலைவு என்று ஊரில் கேட்டார்கள். சிக்காகோ நகரின் புறத்தே வாழும் எங்கள் மகளுக்கு ஜூலை முதல் வாரத்தில் பிள்ளைப்பேறு எதிர்பார்க்கப்பட்டது. ஜூன் மாதத்தில் புறப்பட்டிருந்தாலே போதும். எங்களுள் ஒருவர் முப்பத்தைந்து ஆண்டுகள் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றவர். கரும்பலகையில் சூரியன், சந்திரன், பூமி மூன்றையும் எத்தனையோ முறை வட்டமிட்டுக் காட்டியவர். பூரண கிரகணத்தை ஒருமுறையும் கண்ணாரக் காணாதவர். அவருக்காகவே பயணம் மார்ச் மாதக் கடைசிக்கு முன்தள்ளப்பட்டது. மற்றவர் மரியாயின் சேனையில் நெடுங்காலம் உழைத்தவர். கிரகணத்தை விட, மகளின் ஏழாம் மாதத்தில் அருகிலிருப்பதே அவருக்குப் பெரிதாயிருந்தது. ஒரே விமானத்தில் இருவேறு நோக்கங்கள் சென்றன என்று வைத்துக்கொள்ளலாம்.

2010-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் கன்னியாகுமரியில் வளைய கிரகணம் தெரிந்தபோது நாங்கள் அங்கே இருந்தோம். அன்று சந்திரன் பூமிக்குச் சற்றுத் தொலைவில் இருந்தபடியால் சூரியனை முழுவதும் மூட அதற்கு அளவு போதவில்லை. விளிம்பு ஒளிவளையமாக எஞ்சி நின்றது. அழகுதான், ஆயினும் இருள் வரவில்லை. சந்திரனைப் போல ஏறத்தாழ 400 மடங்கு குறுக்களவுடையது சூரியன். ஏறத்தாழ அதே 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. அதனால்தான் நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவாகத் தோன்றுகின்றன. ஒன்று மற்றொன்றைச் சரியாக மூடவும் இயலுகிறது. சந்திரனின் பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால் ஒவ்வோர் அமாவாசையிலும் இது நிகழ்வதில்லை. நிகழ்ந்தாலும் அதன் முழு நிழல் பூமியில் ஒரு குறுகிய பட்டையின் மீதே விழும். ஒரே ஊரில் காத்திருப்பவருக்குச் சராசரியாக ஏறத்தாழ 375 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூரண கிரகணம் வாய்க்கும். எனவே அது நம்மைத் தேடி வரட்டும் என்று இருக்க இயலாது. நாம்தான் அதைத் தேடிச் செல்ல வேண்டும்.

இவ்வாறு தேடிச் சென்றவர்களில் குருக்களும் உண்டு என்பதை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. சேசு சபையைச் சேர்ந்த ஆஞ்சலோ செக்கி அடிகளார் ரோமைக் கல்லூரியின் வான் ஆய்வு நிலையத்துக்குத் தலைவராயிருந்தவர். புனித இஞ்ஞாசியார் ஆலயத்தின் கூரை மேல் தம் தொலைநோக்கியை நிறுவி, விண்மீன்களை அவற்றின் ஒளிப்பிரிவைக் கொண்டு முதன்முதல் வகைப்படுத்தியவர்களுள் ஒருவர். 1848-இல் சேசு சபையார் ரோமையை விட்டு வெளியேற நேர்ந்தபோது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தங்கி, பின்னர் திரும்பி வந்தார். 1860-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் ஸ்பெயின் நாட்டில் பூரண கிரகணம் தெரியும் என்றறிந்ததும் கருவிகளைச் சுமந்து அங்கே சென்றார். மத்தியதரைக் கடலை நோக்கி நிற்கும் ஒரு மலை. அதில் கார்மேல் துறவியரின் மடம். அம்மலையிலிருந்து அவர் கிரகணத்தை நிழற்படம் எடுத்தார். அதே நாளில் அந்நாட்டின் வடபகுதியில் ரிவாபெயோசா என்னும் சிற்றூரிலிருந்து வாரன் டி லா ரூ என்ற ஆங்கிலேயரும் படமெடுத்தார்.

மூடிய சூரியனின் விளிம்பில் செந்நிறச் சுடர்கள் தோன்றுவதை முன்பே பலர் கண்டிருந்தனர். அவை சூரியனைச் சேர்ந்தவையா, சந்திரனைச் சேர்ந்தவையா, அல்லது நம் கண்ணின் மயக்கமா என்பதுதான் அக்காலத்து வழக்கு. பல நூறு கிலோமீட்டர் இடைவெளியில் எடுத்த இருவர் படங்களையும் ஒப்பிட்டபோது, சுடர்கள் இரண்டிலும் ஒரே வடிவில் இருந்தன. சந்திரன் நகர நகர ஒரு புறத்துச் சுடர்கள் மறைந்தன. மறுபுறத்துச் சுடர்கள் வெளிப்பட்டன. அவை சூரியனுக்கே உரியவை என்று வழக்குத் தீர்ந்தது. பத்தாண்டுகளுக்குப் பின் 1870-இல் சிசிலித் தீவுக்கும் அவர் கிரகணம் நாடிச் சென்றார்.

பிற நாட்டார் நம் நாட்டுக்குக் கிரகணம் தேடி வந்ததும் உண்டு. 1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் பிரான்சு நாட்டவரான ஜான்சென் ஆந்திரத்துக் குண்டூரிலிருந்து அச்சுடர்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். அவை அவ்வளவு பிரகாசமாயிருந்தமையால், மறுநாள் காலை கிரகணமில்லாமலே அவற்றைக் காண வழி கண்டுபிடித்தார். ஹீலியம் என்ற வாயுவின் மஞ்சள் கோடு அக்கிரகணத்தின் ஆராய்ச்சிகளில்தான் முதன்முதல் கவனத்துக்கு வந்தது. 1895-இல்தான் அவ்வாயு பூமியில் கண்டெடுக்கப்பட்டது.

நிற்க. நாங்கள் சிக்காகோவில் இறங்கிய சில நாட்களிலேயே வீட்டில் ஒரு சங்கடம் எழுந்தது. சிக்காகோவில் சூரியன் நூற்றுக்கு 94 பங்கு மறையும். அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. எஞ்சிய ஆறு பங்கே பகலைப் பகலாக வைத்திருக்கப் போதுமானது. முழு இருளுக்கு இந்தியானா மாநிலத்தின் தென்பகுதிக்குக் காரில் ஐந்து மணி நேரம் செல்ல வேண்டும். மகளும் வருவதாக இருந்தாள். அதைத் தொலைபேசியில் கேள்விப்பட்ட நாள் முதல் எங்கள் சம்பந்தி அம்மா உறங்கவில்லை.

அவர் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் வாழ்பவர். நாள் தவறாமல் திருப்பலி காண்பவர். "கர்ப்பிணிப் பெண் கிரகண நேரத்தில் வெளியே தலைகாட்டக் கூடாது" என்பதை முதலில் மகனிடம் சொன்னார். பிறகு மருமகளிடம் சொன்னார். பிறகு எங்களிடமே சொன்னார். எங்களுள் விஞ்ஞானம் கற்பித்தவர், சந்திரனின் நிழலுக்கும் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் தொடர்பில்லை என்று பொறுமையாக விளக்கினார். மற்றவர் அவ்விளக்கத்தைக் கேட்டுத் தலையசைத்தாரே ஒழிய, இரவில் படுக்கையில், "போகாமலிருந்தால்தான் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்கத் தவறவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. ஞானஸ்நானம் பெற்றுத் தலைமுறைகள் பல கடந்த குடும்பங்களிலும் கிரகணத்துக்கு அரிவாளைத் தொடாத பெண்களும் காய்கறி நறுக்காத பெண்களும் இருக்கிறார்கள். நம்பிக்கை அறிக்கையில் இல்லாதவை எத்தனையோ நம் வீடுகளின் பின்கட்டில் வாழ்கின்றன.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்புதான் சம்பந்தி அம்மா உண்மைக் காரணத்தைச் சொன்னார். அதுவும் மருமகளிடம் மட்டும், தனியாக.

1980-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் பிற்பகலில் இந்தியாவில் சூரிய கிரகணம் நிகழ்ந்ததைப் பெரியவர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் ஒரிசாவிலும் அதன் பூரணப் பட்டை சென்றது. நம் பக்கத்தில் ஒரு பகுதிதான் மறைந்தது. கதவுகளை அடைத்துக்கொண்டு மக்கள் வீட்டுக்குள்ளேயே இருந்த நாள் அது. சம்பந்தி அம்மா அப்போது இருபத்திரண்டு வயதுப் பெண்; முதல் பிள்ளையைச் சுமந்து ஐந்து மாதம். மணலில் காயப்போட்ட கருவாட்டைக் காகங்கள் இழுத்துச் செல்வதைக் கண்டு, பொறுக்க மாட்டாமல் ஓடிப்போய் அள்ளி வந்தார். கால் நாழிகைகூட ஆகியிராது. அண்டை வீட்டுப் பெண்கள் சாளரத்தின் வழியே பார்த்தார்கள். ஜூன் மாதக் கடைசியில் பிள்ளை பிறந்தது; மேலுதடு பிளந்திருந்தது.

அதன்பின் யாரும் வேறு காரணம் தேடவில்லை. மாமியார் சொன்னார், நாத்தனார் சொன்னார், கிணற்றடியில் சொன்னார்கள். பையனுக்கு ஊரில் "மூளி" என்று பெயராயிற்று. மூன்றாம் வயதில் ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்து உதடு சேர்ந்தது. அவர் இன்று நல்ல நிலையில் இருக்கிறார். மனைவி மக்கள் இருக்கிறார்கள். மீசைக்கடியில் ஒரு வடு மட்டும் உண்டு. அவ்வடுவைக் காணும்போதெல்லாம் தாயின் மனத்தில், "கருவாட்டுக்காக என் பிள்ளையின் முகத்தைக் கெடுத்தேனே" என்ற எண்ணம் எழுந்துகொண்டிருந்தது. நாற்பத்து நான்கு ஆண்டுகளாக இதைப் பாவசங்கீர்த்தனத்தில் எத்தனை முறை சொல்லியிருப்பாரோ, நாங்கள் கேட்கவில்லை. அவர் எங்கள் மகளைத் தடுத்தது அதிகாரத்தால் அன்று என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

அந்த வாரம் மருத்துவப் பரிசோதனைக்குச் சென்றபோது மகள் இதை அங்குள்ள பெண் மருத்துவரிடம் விவரமாகச் சொல்லி விளக்கம் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து மாதங்களை எழுதிக் கணக்கிட்டார். கருவில் குழந்தையின் மேலுதடு இரு பக்கத்திலிருந்தும் வளர்ந்து வந்து நடுவில் ஒன்று சேருகிறது. இது நிகழ்வது கருவின் நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில். அப்போது சேராதது பிறகு தானாகச் சேருவதில்லை. அப்போது சேர்ந்தது பிறகு பிரிவதுமில்லை. ஜூன் இறுதியில் பிறந்த பிள்ளைக்கு அவ்வாரங்கள் முந்தைய ஆண்டு நவம்பர் மாதத்திலேயே முடிந்துவிட்டன. 1979-ஆம் ஆண்டின் திருவருகைக் காலம் தொடங்குமுன்பே அப்பிள்ளையின் உதடு எவ்வாறு அமைய வேண்டுமோ அவ்வாறு அமைந்தாகிவிட்டது. பிப்ரவரியில் அவர் மணலில் ஓடியபோது, அதில் மாறுவதற்கு எதுவும் இருக்கவில்லை.

உடனே அத்தைக்குச் சொல்லும்படி மகளிடம் கூறினோம். அவள் இசையவில்லை. "இப்போது சொன்னால், நான் போவதற்கு அனுமதி வாங்கச் சொல்கிறேன் என்றே அத்தை நினைப்பார்கள். அவர்களுக்கு அது மருந்தாகாது. போய் வந்தபின் சொல்கிறேன்" என்றாள். போகிறேன் என்பதை மட்டும் ஒளிக்காமல் சொன்னாள். மறுமுனையில் நீண்ட மௌனம். "சரி மகளே, நான் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்று சம்பந்தி அம்மா தொலைபேசியை வைத்தார்.

ஏப்ரல் 8-ஆம் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு, இட்டிலியும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி மகளைச் சிறிது நடக்க வைத்தோம். மருத்துவர் இட்ட கட்டளை அது. வழியில் அன்றைய திருநாளின் நற்செய்தியை, வானதூதர் கபிரியேல் நாசரேத்துக்கு வந்த பகுதியை, மருமகன் வாசிக்கக் கேட்டோம். எங்கள் இலக்கு வின்சென்ஸ் என்னும் பழைய ஊர். அதைத் தேர்ந்ததற்குக் காரணம் நிழலின் நடுக்கோடு அதனருகே செல்வது மட்டுமன்று. அங்குள்ள பழைய பேராலயம் புனித பிரான்சிஸ் சவேரியாரின் பெயரால் விளங்குகிறது. முத்துக்குளித்துறையில் நம் முன்னோருக்கு ஞானஸ்நானம் அளித்தவரின் பெயரை அவ்வளவு தொலைவில், வாபாஷ் ஆற்றங்கரையில் ஒரு கோவிலின் மேல் காண்பது எங்களுக்குச் சொந்த வீட்டு வாசல்போல் இருந்தது. 1834-இல் நிறுவப்பெற்ற மறைமாவட்டத்துக்கு அதுவே முதல் பேராலயம். முதல் ஆயரான சைமன் புருத்தே, குருத்துவத்துக்கு முன் பாரீசில் மருத்துவம் பயின்று தேறியவர். அவருடைய கல்லறை பீடத்துக்குக் கீழுள்ள நிலவறையில் இருக்கிறது. சிறிது நேரம் செபித்துவிட்டு ஆற்றோரப் புல்வெளிக்கு வந்தோம். எங்கு நோக்கினும் மக்கள். நாற்காலிகளும் கம்பளிகளுமாய் ஒரு திருவிழாக் கூட்டம்.

ஒன்றே முக்கால் மணியளவில் சூரியனின் ஓரத்தில் சிறு கடி விழுந்தது. கருந்தாள் கண்ணாடிகளை அணிந்து பார்த்தோம். மகள் வீட்டிலிருந்து வடை அரிக்கும் ஜல்லிக் கரண்டி ஒன்றும் கொண்டுபோயிருந்தோம். அதை வெயிலில் பிடித்தால், ஒவ்வொரு துளை வழியாகவும் ஒரு பிறைச் சூரியன் வெள்ளைத் துணியில் விழுந்தது. அருகிலிருந்த அமெரிக்கப் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டு, வரிசையில் நின்று கரண்டியைப் பிடித்துப் பார்த்தார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு வகுப்பு திரும்பக் கிடைத்தது.

வெளிச்சம் குறைந்தவிதம் மாலை மங்குவது போன்றதன்று. மாலையில் ஒளி பொன்னிறமாகும். இங்கே ஈயம் பூசியதுபோல் நரைத்தது. காற்று குளிர்ந்தது. மகளின் தாய் மகளின் தோளில் ஒரு சால்வையைப் போர்த்தி, அதன் நுனியை வயிற்றின் மேல் இழுத்துவிட்டார். அது குளிருக்காகவா, வேறெதற்காகவா என்று யாரும் கேட்கவில்லை. சூரியனுக்கு வலப்பக்கம் கீழே சுக்கிரன் முதலில் தெரிந்தது. மூன்று மணி கடந்து சில நிமிடங்களில், கடைசி ஒளித்துளி ஓரிடத்தில் மின்னி அவிந்தது. கண்ணாடியைக் கழற்றினோம்; முழு மறைவின்போது மட்டும் அது வேண்டியதில்லை.

வானத்தில் ஒரு கருவட்டம். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் விரிந்த வெண்முடி. பள்ளிப் புத்தகத்துப் படங்கள் இதற்கு நிகரல்ல என்பதை ஆசிரியரே ஒப்புக்கொண்டார். மெல்லிய மேகம் இருந்தும் அதை மறைக்கவில்லை. இடப்பக்கம் மேலே வியாழன். தொடுவானம் சுற்றிலும் அந்திச் சிவப்பு. கருவட்டத்தின் கீழ் விளிம்பில் குங்குமப் பொட்டு அளவில் ஒரு செஞ்சுடர், வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. செக்கி அடிகளார் மலையேறிப் படம் பிடித்தது இத்தகைய சுடரைத்தான். கூட்டத்தில் சிலர் ஆரவாரம் செய்தனர், சிலர் அழுதனர். ஏறத்தாழ நான்கு நிமிடம். எங்கள் மகள் இரு கைகளாலும் வயிற்றைத் தாங்கி அண்ணாந்து நின்றாள். மங்கள வார்த்தைச் செபத்தை எங்களுள் ஒருவர் தொடங்கினார். நால்வரும் சொல்லி முடித்தோம். ஒளி திரும்பியது.

மூன்று மணிக்கு இருள் என்றதும் கல்வாரியின் நினைவு வருவது நமக்கு இயல்பு. ஆயினும் ஆண்டவர் சிலுவையில் தொங்கியபோது சூழ்ந்த இருள் சூரிய கிரகணமாயிருக்க இயலாது. பாஸ்காத் திருநாள் பௌர்ணமியை ஒட்டி வருவது. சூரிய கிரகணமோ அமாவாசையில் மட்டுமே நிகழ்வது. மேலும் எந்தப் பூரண கிரகணமும் ஓரிடத்தில் எட்டு நிமிடங்கூட நீடிப்பதில்லை. நற்செய்தி சொல்வதோ மூன்று மணி நேர இருளை. மூன்றாம் நூற்றாண்டிலேயே யூலியுஸ் ஆப்பிரிக்கானுஸ் என்ற கிறிஸ்தவ வரலாற்றாசிரியர் இதைச் சுட்டிக்காட்டி, அதைக் கிரகணமென்று சொன்னவரை மறுத்திருக்கிறார். புல்வெளியில் இதை மருமகனுக்கு ஆசிரியர் விளக்கிக்கொண்டிருக்கையில் தொலைபேசி ஒலித்தது.

நம் ஊரில் அப்போது நள்ளிரவு கடந்து முக்கால் மணி. சம்பந்தி அம்மா படுக்கவேயில்லை. நேரத்தை மகனிடம் முன்னரே கேட்டு வைத்திருந்தார்.

"முடிந்துவிட்டதா மகளே?"

"முடிந்துவிட்டது அத்தை. நன்றாயிருக்கிறேன். பிள்ளை உதைக்கிறது."

பிறகு அவள் புல்லின் மேல் விரித்த கம்பளியில் அமர்ந்து, மருத்துவர் கணக்கிட்ட தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து, ஒவ்வொரு மாதமாகச் சொன்னாள். எங்கள் பேரப்பிள்ளை ஜூலையில் நலமாகப் பிறந்தது. அதை இக்கணக்குக்குச் சான்றாக நாங்கள் எங்கும் சொல்வதில்லை. ஒருகால் குறையுடன் பிறந்திருந்தாலும் அக்கணக்கு மாறியிராது. கிரகணத்தின் மேல் பழி சொல்லவும் இடமிராது. தாளில் இருந்தது முந்தைய தலைமுறையின் கணக்கு; அது அதனளவிலேயே நிறைவானது.

மறுமுனையில் சம்பந்தி அம்மா குறுக்கே எதுவும் பேசவில்லை. மகள் நிறுத்தியபின், "எத்தனையாவது வாரம் என்றாய்?" என்று கேட்டார்.

"ஏழு, அத்தை. ஏழாவது வாரத்துக்குள் உதடு அமைந்துவிடும்."

"கிரகணம் வந்தபோது எனக்கு ஐந்து மாதம்."

"ஆம் அத்தை."

நெடுநேரம் ஓசையில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று மருமகன் தொலைபேசியை வாங்கிப் பார்த்தார். அப்போது அவருடைய குரல் வந்தது: "அந்தத் தாளை அப்படியே எனக்கு அனுப்பு. ஆங்கிலத்தில் இருந்தால் பக்கத்தில் தமிழில் எழுது. ஞாயிற்றுக்கிழமை பெரியவன் வருவான். அவனை உட்கார வைத்து நான் படித்துக் காட்ட வேண்டும்."